கருப்பசாமி போட்ட வட்டம்

1

இன்று காலை வேலைக்குப் போனபோது, துப்புரவு செய்ய வரும் பெண் வாசலில் மண்டியிட்டு, தரையில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். ஒரு வட்டம், அதற்குள் இரண்டு பாதங்கள். இங்கேயே நில், இதற்கு மேல் வராதே என்று பெருந்தொற்றுக் காலத்தில் ஒட்டியது. எல்லோரும் அதன் மேலேயே நடந்து நடந்து விரல்கள் அழிந்துபோய் குதிகால் மட்டும் மிஞ்சியிருந்தது. அவள் சுடுதண்ணீரை ஊற்றினாள். தகட்டை வைத்து ஓர் இழுப்பு இழுத்தாள். வட்டம் சுருண்டு கையோடு வந்துவிட்டது. குப்பைப் பையில் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

நான் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இவ்வளவுதானா? சுடுதண்ணீரும் ஒரு தகடும் போதுமா?

உசிலம்பட்டியிலிருந்து எழுமலை போகும் சாலையில் ஒரு சிற்றூர். அங்கே என் அக்கா வீட்டு வாசலிலும் ஒரு வட்டம் இருக்கிறது. அதே காலத்தில் போட்டது. அதை எதைக் கொண்டு அழிப்பது என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. மதுரைப் பக்கமிருந்து இதை வாசிக்கிறவர்கள் எவருக்காவது தெரிந்தால் நல்லது. தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

2

நான் இருப்பது நியூசிலாந்தின் வடக்குத் தீவில். மழை, புல், பால்மாடு, மறுபடி மழை. மனைவிக்கு நர்ஸ் வேலை கிடைத்தது. அவள் பின்னால் பெட்டி தூக்கி வந்தவன் நான். எனக்கு வாய்த்தது இந்த வீடு. பிறவியிலேயே அறிவு வளர்ச்சி வேறு மாதிரி அமைந்துவிட்ட பெரியவர்கள் சிலர் சேர்ந்து வாழும் வீடு. அவர்களைக் குளிப்பாட்டுவேன், சவரம் செய்துவிடுவேன், மாத்திரை கொடுப்பேன், கடைக்குக் கூட்டிப்போவேன். இதற்குச் சம்பளம் உண்டு, விடுமுறை உண்டு, என் முதுகு வலித்தால் நீவிவிட ஆள் உண்டு. இதே வேலையைத்தான் என் அக்கா பேச்சியம்மாளும் காலமெல்லாம் செய்துகொண்டிருக்கிறாள். ஊரில் அதற்கு வேலை என்று பெயரில்லை. தலையெழுத்து என்று பெயர்.

அவளுடைய ஒரே மகன் செல்லப்பாண்டி. டவுன் சிண்ட்ரோம். அவனோடு சேர்ந்து அந்தச் சொல்லுக்கும் ஊரில் வயசாகிவிட்டது. இன்றுவரை யாருக்கும் அது வாயில் நுழையவில்லை. அப்பா, அதாவது என் மச்சான், பாண்டி சிறுவனாக இருக்கும்போதே இறந்துவிட்டார். தாய்மாமன் நான். அவனுக்குக் காது குத்தியது என் மடியில். ஆசாரி ஊசியை எடுத்ததும் எனக்குத்தான் கண் கலங்கியது. அவன் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். ஐந்து விரலையும் குவித்து என் கன்னத்தைத் தொட்டான், விரலைத் தன் உதட்டில் வைத்து முத்தமிட்டான். அடுத்த நொடி அவன் காதில் ஊசி இறங்கியது.

அந்த மடியோடு விமானம் ஏறி வந்துவிட்டேன்.

அக்காவையும் பாண்டியையும் இங்கே கூட்டிக்கொள்ளலாமா என்று குடிவரவு அலுவலகத்தில் கேட்டுப் பார்த்திருக்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மையார் மிக இனிமையானவர். இந்த நாட்டில் 'இல்லை' என்ற சொல்லை இனிப்புத் தடவித்தான் கொடுப்பார்கள். அக்காவைக் கூப்பிடவே வழியில்லையாம். பாண்டியைப் பற்றிச் சொன்னதும் உடல்நலத் தரம் என்று ஒன்று இருப்பதாகச் சொன்னார். அவன் அதற்குள் வரமாட்டானாம். பிறகு, பேச்சை மாற்றுவதற்காக இருக்கலாம், "நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஓ! உங்களைப் போன்றவர்கள் எங்களுக்கு இன்னும் நிறையப் பேர் தேவை" என்றார்.

3

காது குத்தன்றைக்கு என் கன்னத்தில் செய்ததை பாண்டி அப்புறம் நிறுத்தவே இல்லை. எதிரே வருகிறவர் கிழவராகட்டும், கைக்குழந்தையாகட்டும், கடன் வசூலிக்க வந்தவராகட்டும், கன்னத்தைத் தொட்டு விரலை உதட்டில் வைத்து ஒரு முத்தம். வீட்டில் பெரியவர்கள் பிள்ளைகளைக் கொஞ்சுவது போலத்தான். இவன் ஊரையே பிள்ளையாக வைத்துக் கொஞ்சினான்.

காலையில் உசிலம்பட்டி டவுன் பஸ் வரும் நேரத்துக்கு ராசு அண்ணனின் டீக்கடை முன்னால் நிற்பான். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள், திருப்பூருக்குத் துணி மூட்டையோடு கிளம்புகிறவர்கள், எல்லோரும் வரிசையில் வந்து கன்னத்தைக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். டிரைவர் வேகத்தைக் குறைத்து ஜன்னலுக்கு வெளியே கன்னத்தை நீட்டுவார்.

"ஏப்பா பாண்டி, தெனமும் இந்தக் கன்னத்துக்கே குடுக்குறயே, அந்தக் கன்னம் என்னப்பா பாவம் பண்ணுச்சு?" என்பார் ராசு அண்ணன்.

"டீ," என்பான் பாண்டி.

"பாத்தியா, முத்தத்துக்குக் கூலி கேக்குறான் பயபுள்ள!"

பிறகு அவனும் அதே பஸ்ஸில் உசிலம்பட்டிக்குப் போவான். அங்கே ஜெயந்தி டீச்சர் ஒரு வாடகை வீட்டில் இவனைப் போன்றவர்களுக்காகப் பகல்நேர மையம் நடத்தினார். பழைய பேப்பரில் கவர் ஒட்டுவார்கள், பாடுவார்கள், சாயங்காலம் வீடு திரும்புவார்கள். அக்கா அந்த இடைவெளியில் களையெடுக்கப் போவாள். அவள் நிமிர்ந்து மூச்சு விட்ட நேரம் என்று ஒன்று வாழ்க்கையில் இருந்தால், அது குனிந்து களையெடுத்த அந்த நேரந்தான்.

4

ஊரடங்கு வந்தது. பஸ் நின்றது. மையத்தைப் பூட்டச் சொல்லிவிட்டார்கள். ஊருக்குள் வெளியாள் வராமலிருக்க இளவட்டங்கள் வேலிக்கருவை முள்ளை வெட்டிச் சாலைக்குக் குறுக்கே போட்டார்கள்.

பஸ் இல்லை என்பதைப் பாண்டிக்கு எப்படிச் சொல்வது? தினமும் காலையில் முள்ளுக்குள் புகுந்து டீக்கடைக்குப் போய் நின்றான். கையிலும் காலிலும் கீறலோடு திரும்பி வந்தான். ஒருநாள் ரோந்து வந்த போலீஸ்காரரின் கன்னத்தைத் தொட்டுவிட்டான். பாவம், அந்த ஆளுக்கும் பயம். வீட்டில் கைக்குழந்தை இருந்திருக்கலாம். துள்ளிக் குதித்துப் பின்வாங்கினார், வாங்கின வேகத்தில் லத்தியைச் சுழற்றினார். பாண்டியின் முழங்கைக்கு மேலே அது வரியாகப் பதிந்தது. அடித்தவரைப் பார்த்து அவன் தன் விரலை உதட்டில் வைத்து முத்தமிட்டானாம். பாதியில் விட்டதை முடித்துவிட வேண்டுமே.

ஜெயந்தி டீச்சர் மையத்தைத்தான் பூட்டினார், போனைப் பூட்டவில்லை. பிற்பகலில் எல்லா அம்மாக்களையும் ஒரே அழைப்பில் சேர்ப்பார். வெளிநாட்டில் இதே வேலை பார்க்கிறவன் என்று என்னையும் இழுத்து விட்டார். நானும் இங்கே கற்றதையெல்லாம் அடுக்கினேன். அடுத்தடுத்து என்ன செய்யப் போகிறோம் என்பதைப் படங்களாகச் சுவரில் ஒட்டுங்கள் என்றேன்.

"தம்பி, எங்க வீட்டுச் சொவத்துல பல்லியே ஒட்ட மாட்டேங்குது," என்றாள் ஓர் அம்மா.

"என் வீட்டுல கதவையே ஒடச்சுப்புட்டான்," என்றாள் இன்னொருத்தி. "ஊரெல்லாம் கதவ அடைச்சுக்கிட்டு இருக்கு. நாங்க ரெண்டு பேரும் கதவில்லாத வீட்டுல ஊரடங்கா இருக்கோம்."

சிரித்தார்கள். அப்படி ஒரு சிரிப்பை நான் இங்கே எந்தக் கூட்டத்திலும் கேட்டதில்லை. சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே ஆரம்பித்தது என்று போனில் தெரியவில்லை. டீச்சர், "எனக்கும் ஒண்ணும் சொல்லத் தெரியலம்மா. போனை வைக்காதீங்க. நான் இருக்கேன்," என்பார். அவ்வளவுதான் அவர் சொன்னது. இங்கே எங்களுக்குத் தந்த பயிற்சியில் அந்த வாக்கியம் இல்லை.

பிறகு ராசு அண்ணனுக்குக் காய்ச்சல் கண்டது. மதுரைக்குக் கொண்டுபோனார்கள். அவர் பிழைத்து வந்துவிட்டார். ஆனால் அவர் வருவதற்குள் ஊரில் பேச்சு வந்துவிட்டது. எல்லார் கன்னத்தையும் தொட்டு வாயில் வைத்து, அந்தக் கையோடு அடுத்த கன்னத்துக்குப் போகிறவன் ஊருக்குள் ஒருவன்தானே.

நாலு பேர் வந்து வாசலுக்கு வெளியே தள்ளி நின்றார்கள். சண்டைக்கு வந்தவர்களில்லை. அவனிடம் முத்தம் வாங்கியவர்கள்.

"பேச்சி, ஒன் மவன் பாவந்தான். நாங்க இல்லேங்கல. எங்க புள்ளகளும் பாவந்தான? இது போற வரைக்கும் கட்டிப் போடு."

"மாட்டுக்குப் போடுற சங்கிலியவா அண்ணே?"

மறுநாள் வாசலில் ஒரு சங்கிலி கிடந்தது. புதுசு. யாரோ நல்ல மனசோடு, புண்ணாகக் கூடாதென்று, அதில் பழைய வேட்டியைச் சுற்றி வைத்திருந்தார்கள்.

5

அக்கா சங்கிலியைத் தொடவில்லை. அடுத்த தெரு வீரணன் கோடாங்கியிடம் போனாள். எங்கள் பக்கத்தில் சாமி வாக்குக் கேட்க வேண்டுமென்றால் கோடாங்கிதான். உடுக்கை அடித்து, அருள் வந்து, சாமியாகப் பேசுவார். பாண்டிக்கு ஊரில் பயம் என்று ஒன்று உண்டென்றால் அது ஊர்க் கருப்பசாமியிடம். அந்தக் கருப்பு வீரணன் குரலில்தான் பேசும்.

"அண்ணே, எம் மவனுக்கு ஒரு எல்லை போட்டுக் குடுங்க."

"எல்லைய நான் போடக் கூடாது ஆத்தா. கருப்பு போடணும்."

"அப்பக் கருப்பக் கூப்புடுங்க. சங்கிலிக்குப் பதிலா நிக்கட்டும்."

வாசலில் அவளே வட்டம் போட்டாள். கோலமாவில் கருப்பு கோயில் திருநீறைக் கலந்து, ஒருவன் கால் நீட்டி உட்காரும் அளவுக்கு. பாண்டியை உள்ளே நிறுத்தினாள். வீரணன் மதிலுக்கு வெளியே, வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு உடுக்கையை எடுத்தார். துண்டுக்குள்ளிருந்து வந்ததால் குரல் இன்னும் ஆழமாக, பூமிக்கு அடியிலிருந்து வருவது போல இருந்ததாம்.

"டேய் பாண்டி! இது என் எல்லைடா! இங்கனயே நில்லு! ஒருத்தரையும் தொடாத! கையெடுத்துக் கும்புடு, போதும்! ஒன்னையும் ஒருத்தனும் தொடக் கூடாது! தொட்டா எனக்கு ஆகாது!"

கடைசியில் சொன்னது அக்கா கேட்டுக்கொண்டதில்லை. தொடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. வீரணன் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தபோது அவன் முழங்கைக்கு மேலிருந்த லத்தித் தழும்பு கண்ணில் பட்டிருக்க வேண்டும். அவராக, பிரியத்தில், சேர்த்துச் சொன்னது.

பாண்டி நின்றான். கும்பிட்டான். அன்றிலிருந்து முள்ளுக்குள் போகவில்லை. பால்காரர் வந்தால் வட்டத்துக்குள் நின்று கும்பிட்டான். நாயைக் கும்பிட்டான். ஹெலிகாப்டரைக் கும்பிட்டான். அக்கா வீடியோ எடுத்து அனுப்பினாள். நான் மதியச் சாப்பாட்டுக்கு நடுவில் பார்த்து, இதயப் படம் இதயப் படமாக அனுப்பினேன். போன் அழைப்பில் அம்மாக்கள், "பேச்சி, எங்க வீட்டுக்கும் அந்தக் கருப்பக் கொஞ்சம் அனுப்பி வையி," என்று கேலி பேசினார்கள்.

டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "பேச்சி, அவன் நம்புற புள்ள. நாம நம்புற மாதிரி இல்ல அவன் நம்புறது. பாத்துக்க," என்றார்.

6

இங்கேயும் ஒரு வட்டம் இருந்தது. இந்த நாட்டில் அதற்குக் குமிழி என்று பெயர் வைத்தார்கள். ஒரு வீடு ஒரு குமிழி. அடுத்த குமிழியோடு உரசக் கூடாது. நல்ல பெயர்தான், சோப்புத் தண்ணீர் மாதிரி.

எங்கள் வீட்டில் கிரஹாம் என்று ஒருவர். தலை நரைத்துவிட்டது, உள்ளே குழந்தை. அவருடைய அம்மா ஞாயிறுதோறும் வந்து கட்டிக்கொண்டு போவார். குமிழிக் காலத்தில் அந்தக் கிழவி காரை ஜன்னலோரம் நிறுத்தி உட்கார்ந்திருப்பார். இவர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உள்ளங்கையை வைப்பார். கிரஹாமுக்குப் புரிவதற்காக, இரண்டு பேர் விலகி நிற்கும் படத்தைச் சிவப்பு அட்டையில் அடித்து ஒட்டியிருந்தோம்.

கட்டுப்பாடு முடிந்ததும் மேலாளர் புது அட்டை அடித்தார். பச்சை. இரண்டு பேர் கட்டிக்கொண்டு நிற்கும் படம். பிளாஸ்டிக் உறை போட்டு, சிவப்பைக் கழற்றிவிட்டு அதே ஆணியில் மாட்டினோம். கிரஹாம் வெகுநேரம் பார்த்தார். பிறகு அறையைக் கடந்து போய் அம்மாவைக் கட்டிப்பிடித்ததில் கிழவி விழப் பார்த்தார். எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன். உள்ளுக்குள் எரிந்தது. ஒரு மனிதரின் தலைக்குள் பூட்டியதைத் திறக்க இங்கே ஓர் அட்டை போதுமாக இருந்தது. போட்டதும் அட்டை, எடுத்ததும் அட்டை.

அன்று வீட்டுக்கு வந்து இதை என் மகள் கயலிடம் சொன்னேன். பள்ளி இறுதியில் படிக்கிறாள். அவளுடைய தமிழ், விருந்துக்கு மட்டும் வெளியே எடுக்கிற பாத்திரம் மாதிரி ஆகிவிட்டது. அத்தையை அவளுக்குப் போன் திரையில்தான் தெரியும். பாண்டியைக் கும்பிடுகிறவனாக மட்டும் தெரியும்.

"முடிஞ்சு போச்சுன்னு அத்தை அவன்கிட்ட சொல்லலாம்ல?"

"அத்தை சொன்னா கேக்க மாட்டான். சொன்னது கருப்பசாமி."

"அது யாரு, நம்ம ஃபேமிலியா?"

யோசித்துப் பார்த்தால் அதுவும் சரிதான். "ஆமா," என்றேன்.

"அப்ப அவர் கேன்சல் பண்ண மாட்டாரா?"

7

பண்ண முடியவில்லை, கயல். வீரணன் கோடாங்கி இரண்டாவது அலையில் செத்துப்போனார்.

அந்த அலை அக்காவையும் விடவில்லை. அவள் உள்ளே பாயில் கிடந்து இருமினாள். பாண்டி வெளியே வட்டத்தில் கிடந்தான். தட்டைக் குச்சியால் தள்ளித் தள்ளி அவனுக்குச் சோறு போட்டாள். எனக்கு இங்கிருந்து கிளம்பத் தோன்றவில்லை என்று நினைத்துவிடாதீர்கள், நாட்டைப் பூட்டிவிட்டார்கள். வெளியே போனால் உள்ளே வர குலுக்கல் சீட்டுப் போல ஒன்றில் பெயர் விழ வேண்டும். போனைப் பிடித்துக்கொண்டு, வைக்காதேக்கா, இருக்கேன் என்று சொல்ல மட்டும் டீச்சரிடமிருந்து கற்றிருந்தேன்.

பிழைத்தாள். ஆனால் வாசலிலிருந்து அடுப்படிக்குப் போவதற்குள் மூச்சு வாங்கியது. நெஞ்சு பழைய நெஞ்சு இல்லை என்றார் டாக்டர். பளு தூக்கக் கூடாது, விழுந்தால் எழுப்ப ஆள் வேண்டும் என்றார்.

மறுபடி பஸ் ஓடியது. டிரைவர் டீக்கடைப் பக்கம் வேகத்தைக் குறைத்து, பழைய பழக்கத்தில் கன்னத்தை வெளியே நீட்டினார். பாண்டி அங்கே புதிதாகப் போட்ட வட்டத்துக்குள் நின்று, கையெடுத்துக் கும்பிட்டான். டிரைவர் கன்னத்தை உள்ளே இழுத்துக்கொள்ளக் கொஞ்ச நேரமாயிற்றாம்.

ஆம், போகிற இடமெல்லாம் வட்டம். அக்கா இடுப்புப் பையில் திருநீறு கலந்த மாவோடு முன்னே போவாள்; அவன் கையைக் கட்டிக்கொண்டு, ஒருவர் மேலும் படாமல் பின்னே போவான்; எங்கே நிற்க வேண்டுமோ அங்கே அவள் குனிந்து போட்டுக் கொடுக்க வேண்டும். போடாவிட்டால் தலையில் அறைந்துகொள்வான். தொட்டுவிட்டால் இன்னும் மோசம். யாரும் அவனைக் குளிப்பாட்ட முடியாது. அக்கா தள்ளி நின்று வாளித் தண்ணீரை வீசுவாள். சோப்பை அவனே போட்டுக்கொள்வான், எட்டின இடத்தில் மட்டும். நகத்தைப் பல்லால் கடித்துத் துப்புகிறான். தலைமுடி கழுத்துக்கு இறங்கிவிட்டது.

கும்பிடுவதை நிறுத்தி, பழையபடி கன்னத்தைத் தொடு என்று அவள் எத்தனையோ முறை கெஞ்சியிருக்கிறாள். ஊரிலேயே அவளுக்குத்தான் அந்த முத்தம் அதிகம் கிடைத்து வந்தது. காலையில் எழுந்ததும் ஒன்று, சோற்றுக்கு ஒன்று, காரணமில்லாமல் கணக்கில்லாமல்.

வீரணனின் மகன் மாயி உசிலம்பட்டியில் மொபைல் கடை வைத்திருக்கிறான். அவனைப் பிடித்து, அப்பாவின் உடுக்கையோடு கூட்டி வந்தாள். அவன் கூச்சத்தோடு நாலு தட்டுத் தட்டினான்.

"பாண்டி! நான்தான் கருப்பு வந்துருக்கேன்! எல்லைய எடுத்துட்டேன்! வெளிய வா! ஆத்தாவத் தொடு!"

பாண்டி அவனை ஏற இறங்கப் பார்த்தான். சிரிப்பு வந்துவிட்டது. "மாயி... மாயி... ரீசார்ஜி!" என்றான். பிறகு மரியாதைக்கு ஒரு கும்பிடு.

மாயி உடுக்கையைத் துண்டில் சுற்றினான். "எனக்கு அருள் வராது பெரியம்மா. அப்பாவுக்கு வந்துச்சு. வந்தத அவரு கூடவே கொண்டுபோயிட்டாரு."

நாடு திறந்த பிறகு நான் போனேன். பச்சை அட்டையை எங்கள் மேலாளரிடம் கேட்டு வாங்கிப் பெட்டியில் வைத்திருந்தேன். இதுதான் என் தொழில், நான் தாய்மாமன், நான் செய்து காட்டுகிறேன் என்ற நினைப்பு. பாண்டி என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பாகக் கும்பிட்டான். அட்டையை வட்டத்தின் விளிம்பில் வைத்தேன். எடுத்தான். அந்த இரண்டு பேர் கட்டிக்கொண்டிருக்கும் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு செங்கல் மேல் சாய்த்து வைத்து, காலடித் திருநீறை எடுத்து அதற்குப் பூசி, விழுந்து கும்பிட்டான்.

இன்றைக்கும் அது அங்கே சாமி படமாகத்தான் இருக்கிறது. செவ்வாய், வெள்ளி பூ வைக்கிறார்கள்.

நான் பொறுமை இழந்தேன். "மாமாடா. காது குத்துன மாமா," என்று சொல்லிக்கொண்டே ஒரு காலை உள்ளே வைத்தேன். அவன் கத்திய கத்தலில் தெரு கூடிவிட்டது. தலையைச் சுவரில் மோதினான். நான் காலை வெளியே எடுத்த பிறகும் அடங்கவில்லை. மிதிபட்டு அழிந்த இடத்தை அக்கா குனிந்து, மூச்சு வாங்க வாங்க, மாவால் மறுபடி சேர்த்து முடித்த பிறகுதான் அடங்கினான்.

"விட்டுரு தம்பி," என்றாள். "அவன் தப்பு இல்ல. சொன்னத ஒழுங்காச் செய்யிறான். நம்மள்ல யாரு அப்புடிச் செய்யிறோம்?"

8

மேலூருக்கு அப்பால் ஒரு விடுதி இருக்கிறது. பெற்றவர்களுக்குப் பிறகு இவர்களைப் போன்றவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற இடம். டீச்சர் பேசி, ஒருநாள் வைத்துப் பார்க்கலாம் என்று சம்மதம் வாங்கினார். அக்கா வேன் பிடித்துக் கூட்டிப்போனாள். நல்ல இடமாம். வேப்பமரம், காற்று, ஆட்கள் முகத்தில் கடுகடுப்பில்லை. முற்றத்தில் வட்டம் போட்டு நிறுத்திவிட்டு, மதில் பக்கம் ஒளிந்து நின்று பார்த்திருக்கிறாள்.

சாயங்காலம் வரை அங்கேயே நின்றான். எல்லோரையும் கும்பிட்டான். சோற்றை உள்ளே தள்ளச் சொல்லிச் சாப்பிட்டான். கால்சட்டை நனைந்தது. மாற்றிவிடப் போனவர் கையை நீட்டியதும் மதிலில் தலையை மோதினான்.

விடுதியம்மா அக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாராம். "அம்மா, இம்புட்டு மரியாதையான புள்ளைய நான் பாத்ததில்ல. ஆனா தொட விடாத ஆள நாங்க எப்படிம்மா பாத்துக்கிறது? குளிக்க வைக்கணும், மாத்தி விடணும். நாளைக்கு ஒரு காய்ச்சல்னா நெத்தியில கை வச்சுப் பாக்கணும்ல. தொட விட்டான்னா அன்னைக்கே கூட்டிட்டு வாங்க."

அதில் ஒரு சொல்லும் தப்பில்லை. என் வேலையை நாள் முழுதும் நினைத்துப் பார்த்தேன். காலையிலிருந்து மாலைவரை நான் செய்வது தொடுவதுதான். ஈரத்துணியால் முகத்தை, சீப்பால் தலையை, விரலால் நாடியை. தொடுவதற்குத்தான் இந்த நாடு எனக்குச் சம்பளம் தருகிறது.

வேனில் திரும்பும்போது அக்கா எனக்குப் போன் செய்தாள்.

"எனக்குப் பெறகு இவனுக்கு யாருடா தண்ணி வீசுவா?"

வைக்காதேக்கா, இருக்கேன் என்றேன்.

"நீ எங்கடா இருக்க," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஊர் பெயரைக் கேட்பது போலத்தான் கேட்டாள்.

9

இன்று வட்டத்தைச் சுரண்டி எடுத்த பிறகு, எனக்கு மதியம், அவளுக்கு விடிகிற நேரம், அக்கா கூப்பிட்டாள். நான் கிரஹாமுக்குச் சவரம் முடித்து, கன்னத்தில் ஒட்டியிருந்த நுரையைத் துடைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன்.

"இங்க வாசல்ல இருந்த வட்டத்தச் சொரண்டி எடுத்துட்டாங்கக்கா. சுடுதண்ணி ஊத்துனாங்க, வந்துருச்சு."

"குடுத்து வச்ச தரைடா அது," என்றாள். மூச்சு வாங்கியது. "நான் இன்னக்கி ஒரு காரியம் பண்ணேன். கேளு."

விடிவதற்கு முன்னால் எழுந்து வாசல் தெளித்திருக்கிறாள். தினமும் போடுகிற சின்ன வட்டத்தைப் போடாமல், வாசலை அடைத்துப் பெரிசாக ஒன்று போட்டிருக்கிறாள். அதே மாவு, அதே திருநீறு. குனிந்து சுற்றி வருவதற்குள் மூன்று தடவை உட்கார்ந்து எழுந்தாளாம். போட்டு முடித்து, அதற்குள் தானே போய் உட்கார்ந்துகொண்டாள். கருப்பு போட்ட எல்லையை அழிக்கத்தானே முடியாது, பெரிசாக்கலாமில்லையா. இவன் உள்ளே வந்தால், தானும் உள்ளே இருந்தால், இரண்டு பேரும் ஒரே எல்லைக்குள் ஆகிவிட்டால் தொடலாமோ என்னவோ. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளாக யோசித்தது. எத்தனை நாளாக யோசித்தாளோ.

"வாடா பாண்டி, ரெண்டு பேருக்கும் சேத்துப் போட்டுருக்கேன், வா ராசா, ஆத்தா பக்கத்துல ஒக்காருன்னேன். வந்தான். கோட்டுக்கு வெளிய நின்னு பாத்தான். நல்லாப் பாத்தான்டா. அவனுக்கு வெளங்குது."

"வந்தானாக்கா?"

"மாவுக் கிண்ணத்த எடுத்தான்."

"எதுக்குக்கா?"

"எடுத்து, என் வட்டத்த ஒட்டி, தனக்கு ஒரு சின்ன வட்டம் போட்டான். அவனே. அழகாப் போட்டான் தம்பி! கை நடுங்கல, ஒரு கோணல் இல்ல, மாவு ஒரு எடத்துல விட்டுப் போகல. கையப் புடிச்சுப் புடிச்சு 'அ' எழுத வைக்கப் பாத்தனே, ஒரு கோடு நின்னுருக்குமா? டீச்சரும் எம்புட்டுப் பாடுபட்டாக! இன்னக்கி ஒரே இழுப்புல, சுத்தி வந்து, தொடங்குன எடத்துலயே கொண்டாந்து சேத்துட்டான். நீ பாக்கணும்டா அத. படம் எடுத்து அனுப்புறேன்."

அவள் குரலில் இருந்தது பெருமைதான். பெற்றவளின் பெருமை, கலப்பில்லாமல். அதைக் கேட்கத்தான் என்னால் முடியவில்லை. இனி அவனுக்கு வட்டம் போட்டுக் கொடுக்கவும் அவள் தேவையில்லை.

"அப்புறம் என்னக்கா பண்ணான்?"

"அதுக்குள்ள போயி நின்னுக்கிட்டான். என்னப் பாத்துக் கும்புட்டான்."

"நீ?"

வாசலில் காக்கை கத்துவது கேட்டது. தூரத்தில் முதல் பஸ் ஹாரன்.

"நான் என்னடா பண்ண?" என்றாள் அக்கா. "நானும் கும்புட்டேன்."